மாதிரி ரயில் எஞ்சினுக்கு நம் ஊர் ஒலி: பயனுள்ள குறிப்புகள்

ஒலியோடு வரும் மாதிரி ரயில் எஞ்சினை வாங்கினால் அதில் ஜெர்மனியோ பிரிட்டனோ அமெரிக்காவோதான் பேசும். அதற்கு ஈரோடு பணிமனையின் வண்ணத்தை அடித்து, பக்கவாட்டில் எண்ணும் எழுதிவிடலாம். பொத்தானை அழுத்தியதும் சிகாகோ ஹாரன் கேட்டால் செய்த வேலை எல்லாம் வீண். அந்த ஒலியை அழித்துவிட்டு நமக்கு வேண்டியதை ஏற்றுவது இன்று வீட்டு மேஜையிலேயே முடிகிற காரியம். கணினியில் செய்யும் பகுதி சுலபம். ஒலியைப் பதிவு செய்வதும், வெட்டி ஒட்டுவதும், கடைசியில் அதைக் குறைத்து வைக்க மனம் வருவதும்தான் கடினம்.

இவை டிசிசி முறையில் ரயில் ஓட்டுகிறவர்களுக்கான குறிப்புகள். இந்த முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எந்த எஞ்சின் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையும் அதே தண்டவாளம் வழியே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் பொதுத் தரமாக்கியது.

1. டிகோடர் வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இதில் என் சொந்தப் பதிவை ஏற்ற முடியுமா? எல்லா ஒலி டிகோடரிலும் முடியாது. அமெரிக்காவின் சவுண்ட்ட்ராக்ஸ் தயாரிக்கும் சுனாமி 2 நல்ல சரக்குதான். ஆனால் உள்ளே இருக்கும் ஹாரன்களில், மணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, உங்கள் ஹாரனை உள்ளே நுழைக்க முடியாது. சொந்த ஒலிதான் வேண்டும் என்றால் ஜெர்மனியின் இஎஸ்யு தயாரிக்கும் லோக்சவுண்ட், வியன்னாவின் ஜிமோ என்ற இரண்டில் ஒன்றுக்குப் போவது நல்லது.

2. டிகோடரின் விலையோடு, ஒலியை ஏற்றும் கருவியின் விலையையும் கூட்டிப் பாருங்கள். லோக்சவுண்டுக்கு லோக்புரோகிராமர் என்ற பெட்டி வேண்டும். ஜிமோவுக்கு அதன் கருவி தனி. ஒன்றுக்குச் செய்த கோப்பு மற்றதில் ஏறாது. ஊரில் இந்தப் பொழுதுபோக்கில் நாலு பேர் இருந்தால் எல்லோரும் ஒரே பிராண்டுக்குப் போங்கள். ஒரு பெட்டியை வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

3. லோக்புரோகிராமர் மென்பொருள் இலவசம், விண்டோஸில் ஓடும். பெட்டி வருவதற்கு முன்பே அதை இறக்கிக்கொண்டு, இஎஸ்யு இலவசமாகத் தரும் ஒலித் திட்டங்களில் ஒன்றைத் திறந்து, ஒலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று மேய்ந்து பாருங்கள். ஒரு மாலை இதற்குச் செலவானால் பிறகு பல மாலைகள் மிச்சம்.

4. இனி முக்கியமான குறிப்பு. எஞ்சின் முழுவதற்கும் நீங்களே ஒலி பதிவு செய்யத் தேவையில்லை. நம் எஞ்சினுக்கு வெளிநாட்டில் உடன்பிறப்பு உண்டா என்று முதலில் தேடுங்கள். நம் டபிள்யூடிஎம் 2 அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. முதல் எஞ்சின்கள் 1962-ல் அங்கிருந்தே கப்பலில் வந்தன. பிறகு வாராணசியில் கட்டினார்கள். உள்ளே இருப்பது ஆல்கோ 251 வகை, 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் டீசல். அதே 16 சிலிண்டர் 251 தான் அமெரிக்காவில் ஓடிய ஆல்கோ செஞ்சுரி 424 எஞ்சினிலும் இருந்தது. விசையைக் கூட்டும் படிகளும் ஒன்றே: அங்கேயும் எட்டு நாட்ச், இங்கேயும் எட்டு நாட்ச். ஆகவே ஆல்கோ 251-க்கான திட்டத்தை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, அமெரிக்க ஹாரனையும் மணியையும் தூக்கிவிட்டு, நம் ஹாரனை வைத்தால் முக்கால் வேலை முடிந்தது. சும்மா நிற்கும்போது வரும் அந்தத் தடுமாறும் ‘குடுகுடு’ கூடச் சரியாகவே இருக்கும்.

டபிள்யூடிஜி 4, டபிள்யூடிபி 4 இரண்டும் அமெரிக்காவின் இஎம்டி நிறுவனத்தின் வழி வந்தவை. 16 சிலிண்டர் 710 வகை, இரண்டு ஸ்ட்ரோக். அமெரிக்காவின் எஸ்டி70மேக் எஞ்சினின் திட்டம் இவற்றுக்குப் பொருந்தும். மீட்டர் கேஜ் ஒய்டிஎம் 4-ல் இருப்பது ஆறு சிலிண்டர் 251. அதற்கு 16 சிலிண்டர் ஒலியைப் போட்டால் கேட்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆல்கோ எஸ்-6 என்ற ஷண்டிங் எஞ்சினின் ஒலியைத் தேடுங்கள்.

5. மின்சார எஞ்சினுக்கும் இதே வழிதான். டபிள்யூஏபி 5 எஞ்சின் ஏபிபி நிறுவனம் 1990-களில் தந்தது. சுவிட்சர்லாந்தின் ஆர்ஈ 460 எஞ்சினின் வழித்தோன்றல். கிளம்பும்போது படிப்படியாக ஏறும் அந்தக் கன்வெர்ட்டர் இசைக்கு சுவிஸ் திட்டத்திலிருந்து தொடங்கலாம். பிற்காலத்தில் நம் ஆலைகளில் கட்டியவற்றில் கன்வெர்ட்டர் வகை மாறியதால் ஒலியும் மாறிவிட்டது. எந்த வருடத்து எஞ்சினை உருவாக்குகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு ஒலியைத் தேடுங்கள்.

6. ஹாரனை மட்டும் யாரிடமும் கடன் வாங்காதீர்கள். ஒரு எஞ்சின் எந்த நாட்டுக்காரன் என்பதை ஹாரன்தான் சொல்கிறது. மீதி ஒலியில் சின்னப் பிசகு இருந்தாலும் நம் காது மன்னித்துவிடும்.

7. ஹாரனைப் பதிவு செய்ய ஓடும் ரயிலைத் துரத்த வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ரயில் நம்மைக் கடக்கும்போது, நெருங்கி வரும்போது கேட்கும் சுருதிக்கும் விலகிப் போகும்போது கேட்கும் சுருதிக்கும் ஏறத்தாழ 18 சதவீத வித்தியாசம் இருக்கும். சங்கீதக் கணக்கில் சொன்னால் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளிக்குச் சற்றே குறைவு. இந்த டாப்ளர் விளைவோடு பதிவான ஹாரனை மாதிரி எஞ்சினில் வைத்தால், எஞ்சின் நின்ற இடத்திலேயே இருக்க, ஒலி மட்டும் கடந்து போகும். கேட்க அபத்தமாக இருக்கும். நிற்கும் எஞ்சின் புறப்படும் முன் கொடுக்கும் ஹாரன்தான் உங்களுக்கு வேண்டியது.

8. அதற்கு நல்ல இடம் எஞ்சின் மாற்றும் நிலையங்கள். குன்னூரில் ஒரே நடைமேடையில் நின்றபடி நீராவி, டீசல் இரண்டையும் பிடிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் நீராவி எஞ்சின் அங்கே கழன்றுகொள்ளும்; உதகை வரை இழுத்துச் செல்ல ஒய்டிஎம் 4 டீசல் வந்து சேரும். காற்று குறைவான காலை நேரம் உத்தமம். சுற்றுலாக் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ஹாரனை மட்டும் பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் சுத்தமாக முடியாது.

9. நடைமேடையில் நின்றே பதிவு செய்யுங்கள். தண்டவாளத்தில் இறங்குவதும் பணிமனைக்குள் கேட்காமல் நுழைவதும் ரயில்வே சட்டப்படி குற்றம். ஓட்டுநரிடம் மரியாதையாகப் பேசினால் பல நேரம் அவரே எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்லிக்கொடுப்பார். அவர் வேலையில் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள்.

10. செல்பேசியில் பதிவு செய்தால், ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்கக்கூடிய செயலியைப் பயன்படுத்துங்கள். அது அணையாமல் இருந்தால் ஹாரன் தொடங்கும்போது மட்டும் பெரிதாகி, உடனே அமுங்கி, முடிந்ததும் சுற்றுப்புற இரைச்சல் பொங்கும். வேவ் வடிவத்தில் சேமியுங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போடுங்கள். அளவுமானி உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டால் ஹாரனின் முதல் அடியில் ஒலி உடையாது. உடைந்த ஒலியைப் பிறகு ஒட்ட வழியில்லை. குறைவாகப் பதிவானதை வீட்டில் கூட்டிக்கொள்ளலாம்.

11. பதிவுப் பட்டியல்: சும்மா நிற்கும் ஒலி குறைந்தது இரண்டு நிமிடம் (பேச்சுக்குரல் விழாத பத்து வினாடியாவது தேறும்), நீள ஹாரன், குட்டி ஹாரன், ஏர் கம்ப்ரசர் ஓடத் தொடங்குவதும் நிற்பதும், பிரேக் விடும் ‘புஸ்ஸ்’, கேபின் கதவு, இணைப்பு மோதும் ஒலி, கார்டின் விசில். நாட்ச் ஏற்றும் ஒலிகள் அடித்தளத் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதால் அவற்றுக்கு அலைய வேண்டாம்.

12. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும்; காசு இல்லை. எல்லாவற்றையும் மோனோவாக மாற்றுங்கள். எஞ்சினுக்குள் இருக்கப்போவது ஒரே ஸ்பீக்கர்.

13. விரல்நுனி அளவுள்ள ஸ்பீக்கரில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் உருப்படியாக வராது. நிஜ டீசலின் கம்பீரமோ அங்கேதான் இருக்கிறது. பலர் இந்த இடத்தில் பேஸைக் கூட்டுகிறார்கள். அது தவறு. கூட்டிய பேஸ் வெளியே கேட்காது. ஸ்பீக்கரின் சவ்வை மட்டும் வீணாக உதறவைத்துக் கரகரப்பைக் கிளப்பும். அந்தத் தாழ்ந்த பகுதியை வடிகட்டி எறிந்துவிட்டு, அதன் மேல் சுருதிகள் இருக்கும் 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை லேசாகத் தூக்கிவிடுங்கள். மேல் சுருதிகள் கேட்டால் அடிச் சுருதியைக் காது தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். இதைச் சரிபார்க்க ஹெட்போன் உதவாது. எஞ்சினில் வைக்கப்போகும் அதே ஸ்பீக்கரில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

14. சும்மா நிற்கும் ஒலி திரும்பத் திரும்ப ஓட வேண்டியது. தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால், ஒலி அலை சுழியைக் கடக்காத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். ஆடாசிட்டியில் தேர்வு செய்தபின் ‘இசட்’ விசையை அழுத்தினால் தேர்வின் இரு முனைகளும் பக்கத்திலுள்ள சுழிப் புள்ளிக்கு நகரும். அப்படியும் திரும்பி வருவது தெரிந்தால், அந்தத் துண்டுக்குள் எங்கோ தனித்துத் தெரியும் ஒரு ‘டொக்’ இருக்கும். அதைத்தான் நம் காது எண்ணிக்கொண்டிருக்கும். அதை நீக்குங்கள். இரண்டு வினாடித் துண்டைவிட ஏழெட்டு வினாடித் துண்டு இயல்பாக இருக்கும்.

15. ஹாரனை ஒரே கோப்பாக வைக்காதீர்கள். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்றாக வெட்டுங்கள். நடுப்பகுதி மட்டும் சுழல வேண்டும். அப்போதுதான் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க ஊதி, விட்டதும் இயல்பாக அடங்கும். லெவல் கிராசிங்குக்கு முன் வரும் ‘டபிள்யூ/எல்’ பலகையைக் கண்டதும் ஓட்டுநர் கொடுக்கும் நீள ஹாரன் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு நீளம். உங்கள் கையிலும் அப்படியே இருக்கட்டும். அந்தப் பொத்தானை, அழுத்தும்போது மட்டும் இயங்கும் வகையாக அமைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒருமுறை தட்டியதும் ஹாரன் நிற்காமல் ஊதும்.

16. நீராவி எஞ்சின் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஓட்டுச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு ‘குப்’. நம் டபிள்யூபி எஞ்சின் இந்த வகை. சக்கரத்தின் விட்டம் சுமார் 1.7 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு நான்கு ‘குப்’. 60-ஐத் தொட்டால் பன்னிரண்டைத் தாண்டிவிடும். பிரிட்டனின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனுக்கு மூன்று சிலிண்டர் என்பதால் சுற்றுக்கு ஆறு. நான்கு சிலிண்டர் என்றால் எட்டு இருக்குமே என்று தோன்றும். பெரும்பாலானவற்றில் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்வதால் நான்குதான் கேட்கும். பிரிட்டனின் லார்ட் நெல்சன் வகையில் கிராங்குகளை 135 பாகையில் வைத்து, வேண்டுமென்றே எட்டு வரவழைத்தார்கள்.

இதை டிகோடரில் சரிசெய்ய, எஞ்சினை மிக மெதுவாக ஓட்டி, சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து எண்ணுங்கள். லோக்சவுண்டில் சிவி 57, 58. ஜிமோவில் சிவி 267. (சிவி என்பது டிகோடரின் அமைப்புகளை எண்களாகச் சேமிக்கும் அறை.) வேகம் கூடும்போது எண்ணிக்கை கொஞ்சம் விலகினால் கவலை வேண்டாம். மெதுவாகப் போகும்போது மட்டும்தான் மனிதக் கண் எண்ணும்.

17. திட்டத்தைச் சூன்யத்திலிருந்து வரையாதீர்கள். லோக்சவுண்ட் மென்பொருளில் ஒவ்வொரு ஒலியும் ஒரு வரைபடம்: ‘அணைந்திருக்கிறது’, ‘எழுகிறது’, ‘நிற்கிறது’, ‘ஓடுகிறது’ என்று நிலைகளும், எந்த நிபந்தனையில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டும் என்ற அம்புக்குறிகளும் இருக்கும். டீசல் எஞ்சினின் வரைபடத்தைக் கண்டால் முதலில் தலை சுற்றும். அம்புக்குறிகளைத் தொடாதீர்கள். கட்டத்துக்குள் இருக்கும் ஒலிக்கோப்பை மட்டும் எடுத்துவிட்டு உங்களுடையதை வையுங்கள்.

18. இடம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். லோக்சவுண்ட் 5-ல் 128 மெகாபிட் நினைவகம். 16 பிட், 31.25 கிலோஹெர்ட்ஸ் தரம். கணக்குப் போட்டால் மொத்தம் நாலரை நிமிட ஒலி கொள்ளும். தாராளம்தான். ஒரே ஒலியை மூன்று இடத்தில் வைத்தும், கோப்புகளின் முன்னும் பின்னும் மௌனத்தை விட்டும் வீணடிக்காமல் இருந்தால் போதும்.

19. டிகோடரில் ஏற்றிய ஒலியைத் திரும்பக் கணினிக்கு எடுக்க முடியாது. உங்கள் சொந்த ஒலியாக இருந்தாலும் முடியாது. திட்டக் கோப்பை இரண்டு இடத்திலாவது சேமித்து வையுங்கள். கோப்பின் பெயரில் எஞ்சின் எண்ணும் தேதியும் இருக்கட்டும். ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்ற பெயர்கள் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.

20. ஒலிகளை ஏற்றும் வேலை நேரம் பிடிக்கும். சில திட்டங்களுக்கு அரை மணி நேரமும் ஆகலாம். நடுவில் கம்பியைத் தட்டிவிடாமலும், மடிக்கணினி தூங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி அளவையோ பொத்தானையோ மாற்றினால் ஒலிகளை மறுபடி ஏற்றத் தேவையில்லை. அமைப்புகளை மட்டும் எழுதும் பொத்தான் தனியாக இருக்கிறது. சில நொடி வேலை.

21. ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுப் புகாத அறை கட்டாயம். சவ்வு முன்னே தள்ளும் அலையும் பின்னே இழுக்கும் அலையும் ஒன்றையொன்று சந்தித்தால் அழித்துக்கொள்ளும். அறை இல்லாத விலையுயர்ந்த ஸ்பீக்கரைவிட, விளிம்பைப் பசை வைத்து நன்றாக அடைத்த மலிவு ஸ்பீக்கர் இரண்டு மடங்கு நன்றாகக் கேட்கும். இடம் இல்லாத எஞ்சினுக்கு, செல்பேசி ஸ்பீக்கர் வழிவந்த 11-க்கு 15 மில்லிமீட்டர் ‘சுகர் கியூப்’ வகை போதும். நீராவி எஞ்சினில் டெண்டருக்குள்ளும், டீசலில் எரிபொருள் தொட்டிக்குள்ளோ கூரைக்கு அடியிலோ வைப்பார்கள். ஒலி வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். டீசலுக்கு ரேடியேட்டர் வலை அதற்கென்றே அமைந்தது.

22. லோக்சவுண்ட் 5 நான்கு ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கரைக் கேட்கும். இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்தால் நான்கு, சரி. இரண்டு நான்கு ஓமை அப்படிச் சேர்த்தால் இரண்டு, டிகோடர் போய்விடும்.

23. சாலிடர் வேலைக்குமுன் மோட்டாரின் இரண்டு முனைகளும் எஞ்சினின் உலோக உடலைத் தொடாமல் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். என்எம்ஆர்ஏ நிற ஒழுங்கு: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் இளகிப் பிரிந்துவிடும். சுருங்கும் குழாய் அல்லது காப்டன் டேப் பயன்படுத்துங்கள். எஞ்சினில் ஏற்கெனவே 8 முள், 21 முள் அல்லது நெக்ஸ்ட்18 சாக்கெட் இருந்தால் அதற்கேற்ற டிகோடரை வாங்கிச் செருகினால் போதும்.

24. முதல் சோதனை எப்போதும், அமைப்புகளை எழுதுவதற்கென உள்ள தனித் தடமான புரோகிராமிங் ட்ராக்கில்தான். அங்கே மின்னோட்டம் கட்டுக்குள் இருப்பதால் இணைப்பு தவறாக இருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முதன்மைத் தடத்தில் தவறு தெரிவது புகை வாசனையில்.

25. அந்த ட்ராக்கில் ஒரே ஒரு எஞ்சின்தான் நிற்க வேண்டும். இன்னொன்று நின்றால் அதற்கும் அதே எண் பதிவாகிவிடும். புது டிகோடர் எல்லாம் 3 என்ற முகவரியோடு வரும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். மின்சாரம் விட்டுப்போகும் நொடிகளைத் தாங்க மின்தேக்கி வைத்திருந்தால், படிப்பதிலும் எழுதுவதிலும் அது சில நேரம் குறுக்கிடும். விடாமல் பிழை காட்டினால் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

26. மின்தேக்கி இல்லாதவர்கள் தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒலி இல்லாத எஞ்சின் அழுக்கில் ஒரு நொடி தயங்கினால் யாருக்கும் தெரியாது. ஒலி எஞ்சின் தயங்கினால் டீசல் அணைந்து மறுபடி எழுவது வீடு முழுக்கக் கேட்கும்.

27. ஒலியைச் சீராக்குமுன் மோட்டாரைச் சீராக்குங்கள். லோக்சவுண்ட் 4, 5 இரண்டிலும் சிவி 54-க்கு சுழியம் கொடுத்து, கைப்பெட்டியின் எஃப் 1 பொத்தானை அழுத்தினால், எஞ்சின் தானே சிறிது தூரம் பாய்ந்து தன் மோட்டாரை அளந்துகொள்ளும். உண்மையாகவே பாயும். மேஜை விளிம்பில் வைத்துச் செய்யாதீர்கள்.

28. நிஜ டீசல் முதலில் உறுமும், பிறகுதான் நகரும். சிவி 3-ல் வேகமெடுக்கும் காலத்தையும், சிவி 4-ல் வேகம் குறையும் காலத்தையும் தாராளமாகக் கூட்டுங்கள். இவை குறைவாக இருந்தால் எவ்வளவு நல்ல பதிவும் எஞ்சினோடு ஒட்டாது. பிரேக்கின் ‘கிறீச்’ எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்பதை லோக்சவுண்டில் சிவி 64, ஜிமோவில் சிவி 287 தீர்மானிக்கும். எஞ்சின் நின்ற பிறகு ‘கிறீச்’ வந்தால் சிரிப்புதான் வரும்.

29. ஒலி அளவு. என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கில் பத்துக்கு எட்டு எஞ்சின்கள் தேவைக்கு மேல் கத்துகின்றன. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மாதிரி எஞ்சினை நம் கண், தூரத்தில் நிற்கும் நிஜ எஞ்சினாகத்தான் பார்க்கிறது. ஒலியும் அந்தத் தூரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீங்கள் சாதாரணமாகப் பேசினால் உங்கள் குரல் எஞ்சினுக்கு மேலே கேட்க வேண்டும். லோக்சவுண்டில் சிவி 63 மொத்த அளவு. 0 முதல் 192 வரை போகும். பாதியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஜிமோவில் சிவி 266. வழக்கமான அளவு 65. மொத்தத்தைத் தொடுமுன் தனித்தனி அளவுகளைச் சரிசெய்யுங்கள்: ஹாரன் மேலே, எஞ்சின் அதற்குக் கீழே, கம்ப்ரசரும் கதவும் இன்னும் கீழே. யார்டில் நாலு எஞ்சின் சேர்ந்து நிற்கும்போது கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு படி குறையுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களும் மனிதர்கள்தான்.

30. ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்ற அறிவிப்பை எஞ்சினில் ஏற்றுகிறவர்கள் உண்டு. டீ விற்பவரின் குரலையும் சேர்ப்பார்கள். எஞ்சின் கிளம்பியதும் அறிவிப்பாளரும் டீக்காரரும் கூடவே ஊர் சுற்றுவார்கள். நிலையத்தின் ஒலி நிலையத்தில் இருக்கட்டும். மேடைக்கு அடியில் தனி ஸ்பீக்கரும் சின்ன எம்பி3 பலகையும் வைத்தால் தீர்ந்தது.

31. தானாக அவ்வப்போது வரும் ஒலிகளுக்கு (கம்ப்ரசர், காற்று விடுதல்) இடைவெளியை நீளமாக வையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘புஸ்’ என்றால் எஞ்சினுக்கு ஜலதோஷமா என்று கேட்பார்கள்.

32. எல்லா எஞ்சினிலும் பொத்தான் ஒழுங்கு ஒன்றாக இருக்கட்டும். உதாரணத்துக்கு எஃப் 1 ஒலி, எஃப் 2 நீள ஹாரன், எஃப் 3 குட்டி ஹாரன், எஃப் 8 மௌனம். விருந்தாளி குழந்தையிடம் கைப்பெட்டியைக் கொடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

33. எல்லாம் குழம்பிவிட்டால் லோக்சவுண்டிலும் ஜிமோவிலும் சிவி 8-க்கு 8 கொடுங்கள். அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். ஏற்றிய ஒலி அழியாது.

34. பல பிராண்டு டிகோடர்கள் கையில் இருந்தால் சிவி மாற்ற ஜேஎம்ஆர்ஐ-யின் டிகோடர்ப்ரோ உதவும். இலவசம், திறந்த மூலம். ஒலி ஏற்ற அல்ல, அமைப்புகளை மாற்ற மட்டும். (இந்த ரயில் மென்பொருளை வைத்து எழுந்த வழக்கில்தான், இலவச மென்பொருளின் உரிம நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் சொன்னது. பொம்மை ரயில்தானே என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.)

35. நிறுவனங்களின் திட்டத்தில் உங்கள் ஹாரனைச் சேர்த்தீர்கள் என்றால், மீதி ஒலியின் உரிமை அவர்களுடையதே. அந்தக் கோப்பை விற்காதீர்கள். உங்கள் சொந்த ஹாரன் பதிவை மட்டும் வேவ் கோப்பாக நண்பர்களுக்குக் கொடுங்கள். அதைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

36. டிகோடர் வாங்கும் யோசனையே இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தடங்கள் மின்மயமாகி, ஆல்கோ எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கழிவுக்குப் போகின்றன. அவற்றைக் கட்டிய வாராணசி ஆலையும் மின்சார எஞ்சினுக்கு மாறிவிட்டது. 2020-ல் அதன் பெயரிலிருந்து ‘டீசல்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ஈரோட்டிலோ பொன்மலையிலோ ஷண்டிங்கில் ஓர் ஆல்கோ உறுமிக்கொண்டு நின்றால், நடைமேடையில் நின்றபடி ஐந்து நிமிடம் பதிவு செய்து, எஞ்சின் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். டிகோடரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.